எண்ணப்படாத அயலார்

இலங்கையின் குடிசன மதிப்பு அறிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்து நோக்குவோர்க்கு ஒரு விந்தை புலப்படும். 1911 ஆம் ஆண்டில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோராய் எண்ணப்பட்ட வேடர், 1946 இல் 2,361 பேராகவும், 1953 இல் 803 பேராகவும், 1963 இல் ஏறக்குறைய 400 பேராகவும் சுருங்கிவிடுகின்றனர். அதன்பின் வந்த 1971 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்களுக்கெனத் தனி நிரலே இல்லை. ஏட்டை மட்டும் நம்பினால், அறுபது ஆண்டுகளுக்குள் ஓரினம் முழுவதும் மாண்டொழிந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயின், மனிதர் மாண்டதற்குரிய அடையாளம் எதுவும் அவ்வாண்டுகளின் வரலாற்றில் இல்லை. 1946 க்கும் 1953 க்கும் இடையே பஞ்சமோ பெருங்கொள்ளை நோயோ இந்நாட்டில் உண்டாகவில்லை. மாறாக, மலேரியாவை ஒழிக்கும் பொருட்டு டி.டி.ரி. மருந்து ஊரூராய்த் தெளிக்கப்பட்ட காலம் அது. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 அளவுக்குத் தாழ்ந்தது. காட்டோரத்துக் குடிகளுக்கு யமனாய் விளங்கிய காய்ச்சல் பின்வாங்கிய அதே காலத்தில், காட்டோரத்துக் குடிகளாகிய வேடர் மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தனர் என்பது பொருந்துமா? பொருந்தாது. மக்கள் மறையவில்லை, அவர்களை எழுதிய பெயரே மாறியது. கணக்கெடுப்போன் வேடர் என்னும் நிரலிலிருந்து எடுத்து, சிங்களம் பேசினோரைச் சிங்களவர் நிரலிலும், தமிழ் பேசினோரைத் தமிழர் நிரலிலும் சேர்த்துவிட்டான்.

இதற்குச் சான்று தேடத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அன்புவழிபுரத்து ஆசிரியர் ஒருவர் காலையிற் புறப்பட்டால், கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியாக, நண்பகலுக்கு முன்னரே மூதூரைக் கடந்து அவ்வூர்களை அடைந்துவிடலாம். நல்லூர், பாட்டாளிபுரம், வீரமாநகர், இளக்கந்தை என்னும் சிற்றூர்களிலும், தெற்கே வெருகலைத் தாண்டி வாகரைப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வாழும் மக்களுள் பலர் இன்றும் தம்மை வேடர் என்றே கூறிக்கொள்வர். கடலிலும் களப்பிலும் மீன் பிடித்தல், காடு வெட்டிச் சேனை செய்தல், தேன் எடுத்தல், கூலிவேலை என்பன அவர்தம் பிழைப்பு. பேசுவது நம் கிழக்கிலங்கைத் தமிழ். வழிபடுவது பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும். அவற்றோடு தம் முன்னோரையும். சடங்கின்போது தெய்வம் ஏறியவர் வாயிலிருந்து வரும் சொற்கள் மட்டும் நம் தமிழாய் இருப்பதில்லை. அவை பழைய வேட மொழியின் எச்சங்கள் என்பர் அறிஞர். கரையோர வேடர் என்று மானிடவியலாளர் குறிப்பிடுவது இவர்களையே.

இம்மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. அவர்களைப் பற்றிய எழுத்து யாவும் பிறர் எழுதியது. மகாவமிசம் குவேனியின் மக்கள் இருவரிடமிருந்து புளிந்தர் தோன்றினர் எனக் கூறி அமைகிறது. அரச குலத்தின் தோற்றத்தை விளக்குதல் அந்நூலின் நோக்கம். காட்டுக்குள் ஓடிய பிள்ளைகளின் கதை அதற்கு மேல் அதற்கு வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்துக் கோணேசர் கல்வெட்டோ கோயிற்றொழும்புக்குரிய தானத்தார், வரிப்பத்தார் முதலியோரின் கடமைகளை வகுத்துரைப்பது. ஏடு எழுதுவோர்க்குத் தொழும்பு செய்தவன் ஏட்டில் ஏறுவான்; செய்யாதவன் ஏறான். எக்காலத்து ஏட்டுக்கும் இஃது பொது இலக்கணம்.

1660 ஆம் ஆண்டில் இதே கொட்டியாரக் குடாவில் தந்தையோடு கரையிறங்கிச் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசிற் கைதியாய் இருந்து தப்பிச் சென்று, 1681 இல் ஒரு நூல் வெளியிட்டார். வேடரைப் பற்றி அவர் தரும் செய்திகளுள் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அம்பு முனை வேண்டிய வேடன் கொல்லனை நேரிற் காணமாட்டான். இரவில் வந்து, ஒரு சுமை இறைச்சியைப் பட்டறையில் தொங்கவிட்டு, தனக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துவிட்டுப் போவான். கொல்லன் அவ்வடிவிலேயே முனை செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி கிடைக்கும். வேடர் கைப்பட எழுதி நமக்குத் தெரியவந்த முதற் கடிதம் அந்த இலையே எனலாம். அதில் அளவு உண்டு, ஒப்பந்தம் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஆனால் எழுதியவன் பெயர் இல்லை.

பிரித்தானியர் ஆட்சியில் ஏடுகள் பெருகின. மட்டக்களப்பிலிருந்து ஊழியஞ் செய்த வெசுலியன் பாதிரிமார் வேடரிடையே பள்ளி வைத்தனர், ஞானஸ்நானமுங் கொடுத்தனர். கில்லிங்ஸ் என்னும் பாதிரியார் பிந்தனைப் பகுதி வேடரைக் குறித்து எழுதிய கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் 1853 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. 1859 இல் எமேர்சன் ரெனன்ட் தம் பெருநூலில் பாறை வேடர், ஊர் வேடர், கரையோர வேடர் என வகை பிரித்து, கரையோரத்தார் மீனவர்க்கு உதவியும் வணிகர்க்கு மரந் தறித்துக் கொடுத்தும் வாழ்ந்தனர் என்றார். 1911 இல் செலிக்மன் தம்பதியர் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் ஆராய்ச்சி நூல் உலகப் புகழ் பெற்றது. ஆயின், அவர்கள் நாடியது கலப்பற்ற வேடனை. உள்நாட்டுக் குகைகளில் அவனைத் தேடி அலைந்த அவர்களுக்கு, தமிழ் பேசி வலை இழுத்த கரையோர வேடன் ஓர் அதிகாரத்துக்கு மேல் வேண்டியிருக்கவில்லை. ஒருவன் தன் அயலானின் மொழியைக் கற்றால், ஆராய்ச்சியாளன் கண்ணில் அவன் மதிப்புக் குறைந்துவிடுகிறது!

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சூழ்ந்த நிலத்தில், இன்று ஒலோனி எனப்படும் மக்கள் ஐம்பது வரையான சிறு குழுக்களாய் வாழ்ந்தனர். இன்றைய சான் பிரான்சிஸ்கோ நகரம் அமைந்துள்ள முனையில் இருந்தவர் யெலமு என்னும் குழுவினர். சிற்சில ஊர்களில் இருநூறு பேருக்குங் குறைந்த தொகை. 1776 இல் இசுப்பானியக் குருமார் அங்கே மிசன் நிறுவினர். வந்தவர்க்கெல்லாம் ஞானஸ்நானங் கொடுத்து, அதனைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதினர். புதிதாய் இட்ட கிறித்தவப் பெயர், அதனருகே பிறப்பிலிருந்து வழங்கிய சொந்தப் பெயர், வயது, பிறந்த ஊர், பெற்றோர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு பதிவு. திருமணத்துக்கு வேறோர் ஏடு; அடக்கத்துக்கு வேறோர் ஏடு.

கலிபோர்னியா மிசன்களின் ஏடுகள் யாவற்றையும் தொகுத்து ஹன்டிங்டன் நூலகம் 2006 இல் வெளியிட்டபோது, 1769 முதல் 1850 வரை ஏறத்தாழ ஓரிலட்சம் ஞானஸ்நானங்களும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடக்கங்களும் அதில் இருந்தன. இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டாம். புதுநோய்களும் அடைபட்ட வாழ்வும் அம்மக்களை எப்படி அரித்தன என்பதை அக்குருமாரின் கையெழுத்தே சாட்சி சொல்லும்.

எனினும், அதே ஏடு பிற்காலத்தில் வேறொரு பயனையுந் தந்தது. 1925 இல் குரோபர் என்னும் புகழ்மிக்க மானிடவியலாளர் இவ்வினம் நடைமுறையில் அற்றுப்போயிற்று என்று எழுதினார். எழுதிய அந்நாளிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் அதே குடாவின் கரையில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். அவர்கள் யார், எவ்வூரார், எவர் வழி வந்தோர் என்பதைப் பின்னர் நிறுவ உதவியது மிசன் பதிவேடு. 1995 இல் மில்லிக்கன் என்னும் ஆராய்ச்சியாளர் அப்பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்து, எந்தக் குழு எவ்விடத்தில் இருந்தது, எந்த ஆண்டில் மிசனுக்குள் வந்தது என்று ஊர் ஊராய்க் காட்டினார். மொழியின் கதையும் அவ்வாறே. முட்சுன் மொழியை அரோயோ டெ லா குவெஸ்டா என்னும் குரு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். 1930 இல் மறைந்த அசென்சியன் சொலோர்சானோ என்னும் மூதாட்டியே அதனை நன்கறிந்த இறுதியாளர். அவர் இறுதி நாள்களிற் சொன்னவற்றை ஹரிங்டன் என்னும் மொழியறிஞர் எழுதிக்கொண்டார். அவ்வேடுகளை மூலமாகக் கொண்டு, அம்மக்களின் வழிவந்தாரும் பங்கேற்றுத் தொகுத்த முட்சுன் அகராதி 2016 இல் வெளிவந்தது. வாயிலிருந்து போன மொழி தாளிலிருந்து மீண்டும் வாய்க்கு வரத் தொடங்கியிருக்கிறது.

இங்கேதான் நம் நிலையின் கடுமை விளங்கும். கலிபோர்னியாவில் அடக்கியவன் ஏடு அடக்கப்பட்டவனின் பெயரை வைத்திருந்தது. இங்கோ நாம் எவரையும் மதிலுக்குள் அடைக்கவில்லை, அடித்து மதம் மாற்றவில்லை, அயலாராய்ப் பழகினோம். ஆயினும் பெயர் எதனையும் எழுதி வைக்கவில்லை. நம் ஏடுகளில் வேடர் தொகையாக வருவர்; வகையாக வருவர்; ஆளாக வருவது அரிது. நூறாண்டுக்கு முன் இளக்கந்தைப் பக்கத்தில் சேனை செய்த ஒருவனின் பெயரை, அவன் குடியின் பெயரை, அவன் தெய்வத்தை அழைத்த சொல்லை இன்று எந்த ஏட்டிலிருந்து எடுப்போம்? கொடுமை எழுதி வைத்த அளவுகூட நட்பு எழுதி வைக்கவில்லை என்பது கசப்பான செய்தி, ஆனால் உண்மை.

இதில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு. கணக்கெடுப்போன் பத்தாண்டுக்கு ஒருமுறை வருவான். பள்ளிக்கூடத்து இடாப்பு நாள்தோறும் திறக்கப்படுவது. அவ்வூர்களிலிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளையை இலங்கைத் தமிழர், இந்து என்று எழுதி மூடினோம். தீய நோக்கம் எதுவும் அதில் இல்லை. படிவத்தில் வேறு கட்டம் இல்லை. ஆனால் அதே வகுப்பறையில் ‘வேடன்’ என்பதை வசைச் சொல்லாக மாணவர் வழங்கியபோது, அதைக் கேட்டும் கேளாதார்போல் இருந்தோர் எத்தனை பேர்? பிள்ளை தன் பெயரை மறைக்கக் கற்றுக்கொண்ட இடம் குடிசன மதிப்புத் திணைக்களம் அன்று, வகுப்பறையே.

நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரிய முரண் ஒன்றுண்டு. தமிழ் இலக்கியத்தைப்போல் வேடனைப் போற்றிய இலக்கியம் பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயம். தொல்காப்பியர் வேட்டுவரைத் திணைநிலை மக்களாய் வைத்தார். சேக்கிழார் திண்ணனாரைக் கண்ணப்பராக்கி, ஆகமம் அறிந்த சிவகோசரியாருக்கும் மேலான அன்பினராய் நிறுத்தினார். கம்பன் குகனை இராமனுக்குத் தம்பியாக்கினான். கச்சியப்பர் வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகளை முருகனுக்கு மணமுடித்தார். கதிர்காமத்தில் அவ்வள்ளியைத் தம் குலமகள் என்று வேடர் இன்றும் உரிமை கொண்டாடுவர். நம் இலக்கிய வட்டங்களில் கண்ணப்பரின் அன்பைப் பேசி விழி நனையாதார் இல்லை. அவ்விழிகள் கொட்டியாரக் குடாவின் மறுகரையைப் பார்க்காதிருப்பது ஏன்? ஏட்டில் உள்ள வேடனுக்குக் கோயிலும், ஊரில் உள்ள வேடனுக்கு வசையும் என்பது எவ்வகை இரசனை?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நாம் தள்ளிவிடலாகாது. முதலாவது வாதம் வலிமை உடையது. “அவர்கள் தமிழ் பேசுவோர், தமிழிற் படிப்போர், போரில் நம்மோடு இடம்பெயர்ந்தோர். 2006 இல் மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் வெறுமையானபோது அவர்களும் நம்மோடு வாகரைக்கு நடந்தனர். எண்ணிக்கையே அரசியலான இந்நாட்டில், தமிழர் நிரலிலிருந்து இன்னொரு கூறைப் பிரிப்பது நம் கையால் நம் கண்ணைக் குத்துவதாகாதா?” என்பர். திருகோணமலை மாவட்டத்தில் வாழும் எவர்க்கும் இவ்வச்சத்தின் வேர் தெரியும். அதை எள்ளி நகையாடுவது அறியாமை.

எனினும், அச்சம் நீதிக்கு அளவுகோல் ஆகாது. தமிழராய் இருத்தலும் வேடராய் இருத்தலும் ஒன்றையொன்று விலக்குவன என்று விதித்தவர் யார்? தமிழைத் தாய்மொழியாய்க் கொண்டே தன் குடிப்பெயரையும் முன்னோர் வழிபாட்டையும் ஒருவன் பேணலாம். இரண்டையும் எழுத இடந்தராத படிவம் குறையுடையது. அப்படிவத்துக்கேற்ப மனிதனை வெட்டுவது முறையன்று. பெரும்பான்மையின் ஏடு நம்மைச் சுருக்கி எழுதுகிறது என்று முறையிடுவோர், தம்மினுஞ் சிறியோரைத் தம் ஏட்டிற் கரைத்துவிட்டு அம்முறையீட்டை எந்த முகத்தோடு செய்வது?

இரண்டாவது வாதம்: “அவர்களே அப்பெயரை விரும்புவதில்லை, மறக்க விரும்புவோர்க்கு ஏன் நினைவூட்ட வேண்டும்?” என்பது. விரும்பாதார் மீது பெயரைச் சுமத்தக் கூடாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் விரும்பி விடுவது ஒன்று. வெட்கி விடுவது வேறொன்று. வெட்கத்தை ஊட்டியவர் அயலார். அதை அகற்றும் கடனும் அயலார்க்கே உரியது. அது நீங்கிய பின்னர் எவர் எப்பெயரைக் கொள்வார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது இடர் நாட்டின் பொதுக்கண்ணில் உள்ளது. வேடர் என்றவுடன் தோளிற் கோடரி தாங்கிச் சிங்களஞ் சார்ந்த மொழி பேசும் தம்பானைக் கிராமத்தாரே யாவர்க்கும் நினைவில் வருவர். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது வேட்டைக்காடு இழந்த அம்மக்களின் துயரும் பெரிது; அதில் ஐயமில்லை. ஆயின், அவ்வுருவம் ஒன்றே வேடர்க்கு இலக்கணமாகிவிட்டமையால், சாரமுடுத்துத் தோணி தள்ளும் கரையோர வேடர் அரசின் கண்ணுக்கு வேடராய்த் தோன்றுவதில்லை. தமிழ் அரசியலின் கண்ணுக்கோ தனிக்கவலைக்குரியவராய்த் தோன்றுவதில்லை. இரு கூரைகளுக்கு இடையே மழையில் நிற்பவர் நிலை அவர்களது. 2007 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது, அமெரிக்கா எதிர்த்தது. நியூயோர்க்கில் உயர்த்திய கை இளக்கந்தை வரை நீளவில்லை.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என எவரும் எண்ணற்க. தலைமுறை தலைமுறையாய்ச் சேனை செய்த காட்டுக்கு உறுதி ஏது? இடம்பெயர்ந்து மீண்டு வந்தவனிடம் அதிகாரி முதலிற் கேட்பது தாளை. “என் பாட்டன் இங்கே தேன் எடுத்தான்” என்பது அலுவலகத்தில் சான்றாகாது. ஒலோனி வழிவந்தோர்க்கு இருநூறாண்டுப் பழமையான பதிவேடு இருந்தது. அவ்வளவு இருந்தும் அவர்களுட் பலர் அரசின் ஏற்பைப் பெற இன்னும் வழக்காடுகின்றனர். ஏடே இல்லாதார் என்செய்வர்? வரலாறு எழுதப்படாமை நிலமில்லாமையாய் வந்து முடியும்.

ஆகலின், திருகோணமலைப் பகுதி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கிய அன்பர்க்கும் சில வேலைகள் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. அவ்வூர்களின் முதியோரிடம் சென்று, குளம், குன்று, முனை, காட்டுத்துண்டு ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரை எழுதுதல் ஒன்று. குடிப்பெயர்களையும் மண முறைகளையும் முன்னோர் வரிசையையும் சொல்வோரின் பெயரோடும் ஆண்டோடும் பதிதல் மற்றொன்று. சடங்குமொழிச் சொற்களை, அவற்றைச் சொல்லத் தகுந்தோர் இசைந்த அளவுக்கு மட்டும் ஒலிப்பதிவு செய்தல் பிறிதொன்று. தெய்வத்துக்குரியது என்று அவர்கள் மறைப்பதைத் துருவிக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது; களவாகும்.

இவற்றுள்ளும் முதன்மையானது யார் கையில் எழுதுகோல் இருத்தல் வேண்டும் என்பது. பாதிரியார் எழுதினார், அதிகாரி எழுதினார், மானிடவியலார் எழுதினார். இனி நாம் சென்று எழுதி, நம் பெயரில் நூல் வெளியிட்டு, நம் மண்டபத்தில் விழா எடுத்தால், அந்த நீண்ட வரிசையில் இன்னொருவராய் நிற்போமேயன்றி வேறில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுள் உயர்வகுப்புப் படிப்போர் உள்ளனர். பாட்டியின் சொல்லைப் பேத்தி எழுதட்டும். எழுத்துப் பிழை திருத்துவதும், தாள் வாங்கிக் கொடுப்பதும், அச்சேற்ற வழி செய்வதும் நம் பங்காகட்டும். எழுதியதன் முதற்படி அவ்வூர்ப் பள்ளியிலோ கோயிலிலோ இருத்தல் வேண்டும். நூலகங்களுக்குச் செல்வது அடுத்த படி.

அரசை நோக்கிக் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. குடிசன மதிப்பில் வேடர் என்னும் தெரிவு ஒவ்வொரு முறையும் தெளிவாய் இருத்தல் வேண்டும். அது மொழியோடு பிணைக்கப்படலாகாது. தமிழ் பேசும் வேடனும் சிங்களம் பேசும் வேடனும் ஒரே நிரலில் நிற்க முடியுமாயின், இந்நாட்டில் மொழி வேலியைக் கடந்து நிற்கும் அரிய நிரல்களுள் ஒன்றாய் அது விளங்கும். அதனால் தமிழர்க்கு வரும் இழப்புச் சில ஆயிரம் எண்கள். வரும் பேறு, எண்ணிக்கைக்கு அஞ்சி அறத்தை விடாத இனம் என்னும் பெயர்.

அன்பின் வழியைப் பெயரிலேயே தாங்கிய ஊர் அன்புவழிபுரம். புதிதாய் எழுந்த குடியிருப்புக்கு நல்ல பெயர் இட்டுக்கொள்ள அறிந்த நாம், பழைய குடிகளின் பெயர்களை ஏட்டில் நிறுத்தவும் அறிதல் வேண்டும். அச்சொற்களை அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்களுக்குப் பின் அவற்றைக் கேட்டறிய எந்த மிசன் பதிவேடும் இங்கே இல்லை. வரும் விடுமுறையிலேயே இப்பணி தொடங்குக.